புல்லில் இறங்கியவன்

போரில் கண்ணிவெடி எடுக்கும் வேலை பார்த்த என் தம்பி, வீடு திரும்பியதிலிருந்து புல்லில் கால் வைக்கமாட்டான். கொல்லைப்புறத்துச் சிமெண்ட் தரையோடு அவன் உலகம் முடிந்துவிடும்.

"புல்லு என்ன, உன்னைக் கடிச்சுத் தின்னுடுமா?" என்று நான் எரிந்து விழுவேன்.

நேற்று நான் துணி காயப்போடும்போது, என் மகள் தத்தக்கா பித்தக்கா என்று நடந்து, புல்லுக்கு நடுவே விழுந்து, "மாமா!" என்று வீறிட்டாள். நான் ஓடப்போனேன்.

"அசையாதக்கா! நான் போறேன்."

அந்தக் குரலில் அப்படியே நின்றுவிட்டேன். அவன் புல்லில் இறங்கினான். ஒவ்வொரு அடிக்கும் குனிந்து, விரலால் புல்லை விலக்கிப் பார்த்த பிறகுதான் காலை ஊன்றினான். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டது. எனக்கு அது வெறும் புல். அவனுக்கு அது என்னவென்று அப்போதுதான் உறைத்தது. அப்படியிருந்தும் போகிறானே என்று எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, மிதித்த இடத்தையே மிதித்துத் திரும்பி வந்தான். அவளை என்னிடம் கொடுத்தான்.

"நான் போன வழியில ஒண்ணுமில்லக்கா," என்றான். "அதுல மட்டும் அவளை விளையாட விடு."