முயல் விட்டுப்போன குடை

கண்ணாடிக் கடையில் கடைசி வாடிக்கையாளர் கிளம்பியதும், அங்கே வேலை பார்த்த அவள் தன் மகள் வாலுவை உயரமான நாற்காலியில் உட்கார வைத்து, ஒரு கண்ணை மறைத்து, சுவரில் இருந்த எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னாள். வாலு அடி வரிவரைக்கும் தடுமாறாமல் படித்தாள். மறு கண்ணிலும் அப்படித்தான்.

"பிள்ளைக்குக் கண்ணுல ஒரு குறையும் இல்லம்மா," என்றார் முதலாளி. "அந்தப் பொடி எழுத்தெல்லாம் எனக்கு எறும்பு ஊர்ற மாதிரிதான் தெரியும். கண்ணாடிக் கடைக்காரன்னு பேரு."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணில் குறை என்றால் நாளைக்கே ஒரு கண்ணாடி செய்து மாட்டிவிடலாம். அது அவளுக்குத் தெரிந்த வேலை. இது வேறு.

பள்ளியில் டீச்சர் கூப்பிட்டனுப்பிச் சொன்னது காதிலேயே நின்றது. "கடகடன்னு படிக்கிறா. ஒரு பிழை கிடையாது. ஆனா படிச்சதுல என்ன இருக்குன்னு கேட்டா, சுவரைப் பாக்குறா. திங்கட்கிழமை பெரிய டீச்சர் ஒரு கதை கொடுத்துக் கேள்வி கேப்பாங்க. பதில் சொல்லலன்னா கீழ் வகுப்புல உக்கார வெச்சிடுவாங்க. வீட்டுல கொஞ்சம் பாருங்க. பத்திக்குப் பத்தி நிறுத்திக் கேளுங்க, என்ன நடந்துச்சு, ஏன் நடந்துச்சுன்னு. புரியாத இடம் வந்தா விரலை வெச்சு நிக்கச் சொல்லுங்க. ஓட விடாதீங்க."

வாலு என்ற பட்டத்தைக் கொடுத்தவன் அவள் அப்பா. அவன் லிஃப்ட் மெக்கானிக். மூன்று வயதில், லிஃப்ட் மேலே போனால் கீழே இருப்பவர்கள் என்ன செய்வார்கள், அதற்குத் தூக்கம் வருமா, மூடிய கதவுக்குள்ளே அது என்ன நினைக்கும் என்று கேட்டே அவனை வேலை செய்ய விடாமல் அடித்தவள். அந்த வாலைக் கொஞ்ச காலமாகக் காணோம்.

எப்போதிலிருந்து என்று அம்மா யோசிக்கவில்லை. யோசிக்க நேரமும் இல்லை. திங்கட்கிழமை ஒன்றுதான் கண்முன்னால் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை மாலை சமையலறை மேசையைத் துடைத்துவிட்டுப் புத்தகத்தை விரித்தாள். அடுத்த அறையில் அவள் கணவன் ஸ்பேனர்களை ஒவ்வொன்றாகத் துணியால் துடைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. அடுத்த மாதம் வேறு ஊரில் வேலை. இவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் சரி என்று சொல்லிவிட்டு வந்திருந்தான். விஷயம் தெரிந்த அன்று, அவனுடைய அண்ணன் எதிரிலேயே இவள் சொல்லிவிட்டாள்: "போறவங்க அப்படியே போயிடுங்க. திரும்பி வர வேண்டாம்." அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை.

பேச்சு இல்லாவிட்டாலும் வீடு நடக்க வேண்டுமே. அதற்கு வாலு இருந்தாள். "அப்பாகிட்ட சொல்லு, சாப்பாடு மூடி வெச்சிருக்குன்னு." "அம்மாகிட்ட சொல்லு, எனக்குப் பசியில்லன்னு." ஒரு சொல்லைக் கூட்டாமல், ஒரு சொல்லைக் குறைக்காமல், கொடுத்ததை அப்படியே கொண்டுபோய்ச் சேர்ப்பாள். என்ன கெட்டிக்காரத்தனம் என்று இருவருமே, தனித்தனியாக, உள்ளூரப் பெருமைப்பட்டதும் உண்டு.

"படி. புரியாத இடம் வந்தா விரலை வெச்சு நில்லு," என்றாள் அம்மா.

வாலு படித்தாள். கரடிக்கும் முயலுக்கும் சண்டை. கரடி குகைக் கதவைச் சாத்திக்கொண்டது. மழை பிடித்துக்கொண்டது. முயல் குடையோடு வந்தது. கதவைத் தட்டவில்லை. குடையை வாசலில் வைத்துவிட்டு நனைந்துகொண்டே திரும்பிப் போனது.

"நிறுத்து. முயல் ஏன் குடையை விட்டுட்டுப் போச்சு?"

வாலு மறுபடி அந்த வரியைப் பார்த்தாள். "வைத்துவிட்டுப் போனதுன்னு போட்டிருக்கும்மா. ஏன்னு போடல."

"போட்டிருக்காதுடி. நாமதான் நினைச்சுப் பாக்கணும். மழை பெய்யுது, கையில குடை இருக்கு. யாராவது விட்டுட்டு நனைஞ்சுக்கிட்டுப் போவாங்களா?"

"மாட்டாங்க."

"அப்ப முயல் ஏன் போச்சு?"

"தெரியல."

"திரும்பப் படி."

திரும்பப் படித்தாள். இன்னும் அழகாக, இன்னும் வேகமாக. கேட்டபோது அதே தெரியல. நாலாவது தடவை அம்மாவுக்குப் பொறுமை அறுந்தது. "மண்டைக்குள்ள என்னதான் இருக்கு உனக்கு? நாளைக்குச் சின்னப் பிள்ளைங்களோட போய் உக்காரப் போற. அப்பத் தெரியும்."

வாலு அழவில்லை. அடுத்த அறையில் ஸ்பேனர் சத்தம் நின்றது.

"வாலு, இங்க வா."

போனாள். திரும்பி வந்தாள். மேசைக்கு எதிரே நின்று, பாடம் ஒப்பிக்கும் குரலில் சொன்னாள்: "பிள்ளைகிட்ட கத்தி என்ன ஆகப்போகுது, கத்துறதா இருந்தா என்கிட்ட கத்தச் சொல்லு."

"ஓகோ. அவ்வளவு அக்கறை இருந்தா வந்து உக்காந்து சொல்லிக்கொடுக்கச் சொல்லு. ஊரை விட்டு ஓடுறவங்களுக்கு…" என்று ஆரம்பித்தவள், சாயங்காலம் முழுவதும் ஏன் ஏன் என்று கேட்ட பழக்கத்தில், தன்னையறியாமல் கேட்டுவிட்டாள். "அப்பா ஏன் அப்படிச் சொன்னாரு?"

"தெரியல."

"இப்பத்தானடி சொன்ன?"

"சொன்னேன். நினைக்கல." வாலு புத்தகத்தின் மூலையை மடித்தாள், நிமிர்த்தினாள். "நினைச்சா வயிறு வலிக்கும்மா. அதனால நினைக்காம தூக்கிட்டு வந்து கொடுத்துடுவேன்."

பலகையின் அடி வரியைத் தடுமாறாமல் படித்த குரலும் இதே குரல்தான் என்பது இப்போதுதான் உறைத்தது. பிள்ளைக்குப் புரியாமல் இல்லை. புரிந்துகொள்ளாமல் படிப்பதற்கு இந்த வீட்டில்தான் பழகியிருக்கிறாள். தினமும், இருவேளை, அம்மாவும் அப்பாவும் சேர்ந்து சொல்லிக்கொடுத்த பாடம்.

எழுந்து அடுத்த அறை வாசலுக்குப் போனாள். அவன் பையின் ஜிப்பைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். கேட்டிருக்கிறான், முகத்தில் தெரிந்தது.

"வந்து உக்காருங்க," என்றாள். நேராக அவனிடம் பேசி நாளாகியிருந்ததில் குரல் அந்நியமாக வந்தது. "எனக்காக இல்ல."

அவன் வந்தான். எந்த நாற்காலி என்று விருந்தாளி மாதிரி யோசித்து, வாலுவின் இடப்பக்கம் உட்கார்ந்தான். துணியில் துடைத்தும் போகாத கிரீஸ் விரல்களில் இருந்தது.

"என்ன கதை?"

"கரடி, முயல்," என்றாள் வாலு. இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். யாரும் எதுவும் கொடுத்தனுப்பவில்லை. மெதுவாகப் படிக்க ஆரம்பித்தாள். சாத்திய கதவுக்கு வந்ததும் வேகம் குறைந்தது. குடைக்கு வந்ததும் நின்றாள்.

"முயலுக்குப் பேசப் பயம்," என்றாள், யாரும் கேட்காமலேயே. "கரடி கோவமா இருக்குல்ல. குடையைப் பாத்தா, முயல் வந்துட்டுப் போச்சுன்னு கரடிக்குத் தெரியும். அதுக்குத்தான்."

அம்மா புத்தகத்தின் மூலையை நீவிவிட்டாள். அவன் தலையாட்டினான்.

இனி திங்கட்கிழமையைப் பற்றிப் பயமில்லை என்று அவள் நினைத்த அந்த நொடியில் வாலு கேட்டாள்.

"அப்பா, நீங்க ஊருக்குப் போறீங்களா?"

அவன் மனைவியைப் பார்த்தான். அவள் முகத்தைத் திருப்பவில்லை. அவனுக்கு உதவவும் இல்லை. அவளுக்கும் அந்தப் பதில் வேண்டியிருந்தது.

"போனாலும் அப்பா அடிக்கடி வந்துடுவேன்டா," என்றான்.

நேற்றாக இருந்தால் அந்த வாக்கியத்தை அப்படியே வாங்கிக்கொண்டு போயிருப்பாள். இன்று வாலு புத்தகத்தை நகர்த்தி வைத்தாள். வெறும் மேசையில், அவன் கைக்குப் பக்கத்தில், ஆள்காட்டி விரலை அழுத்தி வைத்தாள்.

"இந்த இடம் எனக்குப் புரியல," என்றாள்.

விரலை எடுக்காமல் காத்திருந்தாள். அம்மா நாற்காலியை இழுத்து மறுபக்கம் உட்கார்ந்தாள்.

"எனக்கும் புரியல," என்றாள் அவனிடம். "மறுபடி முதல்ல இருந்து சொல்லுங்க."