பிரியாத குவியல்

பொத்தான் தொழிற்சாலையின் ஏழாவது கொட்டகையில் ஒரு மூட்டையை அவிழ்த்தபோது, உள்ளிருந்த வெள்ளைப் பொத்தான்கள் கூரை வரை எழும்பி நின்றன. ஒரு மூட்டைக்குள் அவ்வளவு எப்படி அடங்கியது என்று யாரும் கேட்கவில்லை. சாப்பாட்டு மணி அடித்திருந்தது. கயிற்றை வெட்டியவள் பொட்டலப் பிரிவு அக்கா. வெட்டியவரே முடிக்க வேண்டும், எல்லாப் பெட்டியிலும் ஒரே எண்ணிக்கை, ஒன்றுகூட மிஞ்சக் கூடாது, அதுவரை விடுப்புக் கிடையாது என்பது அங்கே எழுதாத சட்டம். அவளுடைய கெட்ட நேரம், அன்று கத்தரிக்கோல் அவள் கையில் இருந்தது.

பத்துப் பத்தாகக் கட்டினாள், மிஞ்சியது. எல்லாவற்றையும் கொட்டி டஜன் டஜனாகக் கட்டினாள், அப்போதும் மிஞ்சியது. பெட்டியின் அளவை மாற்றி மாற்றி, அட்டை வெட்டுகிறவருக்கே சலித்துவிட்டது. மிஞ்சியதை ஒருநாள் மேஸ்திரிக்குத் தெரியாமல் சாக்கடையில் வீசினாள். காலையில் அவை ஈரத்தோடு மேஜைக்குத் திரும்பியிருந்தன. விடாக்கண்டன் கொடாக்கண்டன் கதைதான். மொத்த எண்ணிக்கையைச் சுவரில் எழுதிப் பார்த்தபோது, அந்த ஒரே எண் கொட்டகையை நாலு சுற்று சுற்றியது. கணக்கு வாத்தியார் ஒருவரை வரவழைத்தார்கள். அவர் சுவரோரமாகவே நடந்து படித்து முடித்துக் கழுத்தைத் தேய்த்துக்கொண்டார். "இது பகா எண்மா. ஒண்ணாலயும் தன்னாலயும்தான் வகுபடும். வேற எதுக்கும் மசியாது" என்று சொல்லி, தேநீர் குடித்துவிட்டுப் போனார்.

அதன் பிறகும் அவள் கட்டிக்கொண்டுதான் இருந்தாள். மகள் படிப்பை முடித்தாள், வேலைக்குப் போனாள். மகளின் கல்யாணத்துக்கு மேஸ்திரி பெரிய மனது பண்ணி அரை நாள் விட்டார்; வாழ்த்திய கையோடு திரும்பிவந்து எண்ணினாள். கோபம்கூட வரவில்லை. கோபப்படவும் தெம்பு வேண்டுமே.

ஒரு மத்தியானம் மகள் வெளியூரிலிருந்து போன் செய்தாள். "வலி வந்துடுச்சும்மா. வருவியா, இல்ல இப்பவும் எண்ணிட்டேதான் இருப்பியா?"

அக்கா போனை வைத்துவிட்டுக் குவியலைப் பார்த்தாள். 'ஒண்ணாலயும்' என்று வாத்தியார் சொன்னது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கட்டியிருந்ததையெல்லாம் அவிழ்த்துக் கொட்டினாள். மேஜையில் கிடந்த கடைசிப் பொத்தானையும் குவியலில் எறிந்துவிட்டு வெளியே வந்து, கொட்டகைக் கதவைச் சாத்தி, அதன் மேல் ஒரு சீட்டை ஒட்டினாள்: பெட்டி ஒன்று.

"என்னக்கா இது?" என்றார் மேஸ்திரி.

"எல்லாப் பெட்டியிலயும் ஒரே எண்ணிக்கை. மிச்சம் எதுவும் இல்ல. இருக்கிறதே ஒரு பெட்டிதான், வேணும்னா பாத்துக்குங்க."

மேஸ்திரி கொட்டகையை ஒருமுறை சுற்றிவந்தார். அவரும் களைத்துப் போயிருந்தார். முத்திரையை எடுத்துக் கதவில் குத்தினார்.

மறுநாள் லாரி வந்து கொட்டகையை ஏற்றிக்கொண்டு போனது. அந்த இடத்தில் இப்போது சைக்கிள் நிறுத்துகிறார்கள். லாரி கிளம்பிய நேரத்தில் அக்கா மகளின் கட்டிலோரம் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு, பழக்கதோஷத்தில் அந்தக் குட்டி விரல்களை எண்ணத் தொடங்கி, பாதியிலேயே தூங்கிப்போனாள்.