வீட்டில் மட்டும் அணைந்துபோகிற லேப்டாப்

சந்தானம் அந்த லேப்டாப்பை மூன்றாவது தடவையாகக் கொண்டுவந்தபோது ஆனிமேரிக்கு எரிச்சலைவிட வெட்கம்தான் அதிகமாக இருந்தது. டவுன்ஹால் ரோட்டில் ஒரு மாடியில் இருந்த அந்த சர்வீஸ் கடையில் ஆறு வருடமாக வேலை பார்க்கிறாள். மெஷினுக்கு என்ன கோளாறு என்று பெரும்பாலும் முதல் நாளே கண்டுபிடித்துவிடுவாள். இது மட்டும் பிடிகொடுக்கவில்லை.

முதல் தடவை வைரஸ் என்று நினைத்து, எல்லாவற்றையும் அழித்து விண்டோஸைப் புதிதாகப் போட்டுக் கொடுத்தாள். நாலாம் நாள் திரும்பி வந்தது. இருபது நிமிஷம் ஓடுகிறது, பிறகு பட்டென்று அணைந்துவிடுகிறது என்றார் சந்தானம். இரண்டாம் தடவை மெமரியை மாற்றினாள், ஹார்ட் டிஸ்க்கைச் சோதித்தாள், மறுபடியும் விண்டோஸ் போட்டாள். கடையில் இரண்டு நாள் நிறுத்தாமல் ஓடவிட்டாள். ஒன்றும் ஆகவில்லை. வீட்டுக்குப் போன மறுநாளே அணைந்தது.

"உங்க வீட்டு கரண்ட்லதான் ஏதோ இருக்கு சார்."

"என் மகனும் அதைத்தான் சொல்றான். உன்னைய வீட்டுக்கே கூட்டிட்டு வந்து காட்டச் சொல்லிட்டான். வாரியாம்மா?"

லேப்டாப்பைச் சந்தானம் அன்றைக்கே எடுத்துப்போனார்; ஆனிமேரி மறுநாள் காலை போனாள். வீடு மஹால் அரண்மனைக்குத் தெற்கே ஒரு சந்துக்குள் இருந்தது. சௌராஷ்டிரக் குடும்பம். மனைவி இறந்தபின் சந்தானமும் மருமகள் பத்மாசினியும் மட்டும்தான் அங்கே. மகன் பாலமுரளிக்கு மஸ்கட்டில் வேலை. ஹாலில் ஒரு ஸ்டூல். லேப்டாப்பை அதன் மேல், சமையலறை வாசலைப் பார்த்தமாதிரி வைத்தார் சந்தானம். திரைக்கு மேல் ஒரு சின்னக் கேமராவை மாட்டினார்.

இணைப்பு வந்ததும் திரையில் பாலமுரளியின் முகம் தெரிந்தது. பின்னால் அலுவலக பீரோக்கள்.

"வணக்கம் மேடம். நீங்க உங்க வேலையைப் பாருங்க. நான் பாட்டுக்கு இருக்கேன்." மரியாதையான குரல். கொஞ்ச நேரம் கழித்து, "ஸ்டூலை மட்டும் நகத்தாதீங்க. அப்புறம் அடுப்படி தெரியாது" என்றான்.

ஆனிமேரி பிளக்கைச் சோதித்தாள். வோல்டேஜைப் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது. அவள் கை போகிற இடமெல்லாம் அந்த முகமும் திரும்பியது. யாரும் தன் தோளுக்கு மேல் இவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு நின்றதில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

"பத்மா எங்க?"

சமையலறை வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். இருபத்துமூன்று வயது இருக்கலாம். கேமராவை ஒருதடவை பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

"காலையில பத்துல இருந்து சாயங்காலம் ஆறு வரைக்கும் இப்படித்தான்மா" என்றார் சந்தானம். "அம்புட்டுப் பாசம்." அதைச் சொல்லிவிட்டு அவர் குடிக்கத் தண்ணீர் எடுக்கப் போனார். நேராகப் போகவில்லை. லேப்டாப்புக்குப் பின்னால், சுவரை ஒட்டிச் சுற்றிக்கொண்டு போனார்.

சரியாகப் பதினெட்டாவது நிமிஷம் திரை கறுத்தது. ஆனிமேரி ஸ்டூல் பக்கத்தில் போவதற்குள் முன்னறையில் டெலிபோன் அடித்தது. சந்தானம் ஓடினார்.

லேப்டாப்பைக் கவிழ்த்தாள். அடிப்பக்கம் தோசைக்கல் மாதிரி கொதித்தது. காற்று போகிற துவாரத்தில் டார்ச் அடித்துப் பார்த்தபோது உள்ளே கறுப்பாக ஏதோ தெரிந்தது. இடுக்கியை விட்டு மெதுவாக இழுத்தாள். இறுக்கிச் சுருட்டிய பஞ்சு, விரல் நீளத்துக்கு வந்தது. அடுத்த துவாரத்திலும் இருந்தது.

நிமிர்ந்தாள். பத்மாசினி பக்கத்தில் நின்றிருந்தாள்.

"நான்தான்க்கா" என்றாள். குரலே எழவில்லை. "இது உங்க கடைக்குப் போறப்ப பஞ்சை எடுத்துருவேன். திரும்பி வந்ததும் வச்சுருவேன்."

"எதுக்குங்க?"

"கல்யாணமாகி எட்டு மாசம் ஆச்சு. அவரு இங்க இருந்தது இருபத்தாறு நாள். இது வந்ததுல இருந்து நான் மொட்டைமாடிக்குப் போய் நின்னதில்ல. துணி காயப்போடப் போனாக்கூட அஞ்சு நிமிஷத்துல போன் அடிக்கும். யாரோட பேசுனேன்னு கேப்பாரு. இது ரிப்பேர்ல இருந்தா எனக்கு நாலு நாள் கிடைக்கும்."

"உங்க வீட்டுல சொல்லலாம்ல?"

"என்னன்னு சொல்றது? அடிக்கிறாரா, வையிறாரா? பாத்துக்கிட்டுத்தானே இருக்காருன்னு சொல்லுவாங்க."

"மேடத்துக்கிட்ட குடுக்கச் சொல்றான்" என்று முன்னறையிலிருந்து சந்தானம் கூப்பிட்டார்.

ஆனிமேரி பஞ்சைக் கைக்குள் வைத்துக்கொண்டே போய் ரிசீவரை வாங்கினாள். ஆறு வருடத்தில் எந்தக் கஸ்டமரிடமும் கோளாறை மாற்றிச் சொன்னதில்லை.

"போர்டு சூடாகுது சார். இதுக்கு மேல ஓட்டுனா எரிஞ்சுபோயிரும். பார்ட் வரணும், ஒரு மாசம் ஆகும்."



"ஒரு மாசம்லாம் முடியாதுங்க. நான் புதுசே அனுப்பிடுறேன். என் ஃபிரண்டு ஒருத்தர் அடுத்த வாரம் ஊருக்கு வாரார்."

ஒரு மாசம் என்று நினைத்துச் சொன்ன பொய் ஒரு வாரமாகச் சுருங்கிவிட்டது. பத்மாசினிக்கு அது ஆனிமேரியின் முகத்திலேயே தெரிந்திருக்க வேண்டும். ஒன்றும் கேட்காமல் சமையலறைக்குள் போய்விட்டாள்.

ஒன்பதாம் நாள் சந்தானம் கடைக்கு வந்தார். கையில் புதுப் பெட்டி. பிரிக்கக்கூட இல்லை.

"இதுல கேமரா உள்ளயே இருக்காம்மா." பெட்டியை மேசையில் வைத்தார். "கொஞ்ச நாள் இங்கயே இருக்கட்டும். ரிப்பேர்னு அவன்கிட்டச் சொல்லிக்கிறேன்."

"புதுசுல என்ன சார் ரிப்பேர்?"

அவர் கதவுப் பக்கம் பார்த்தார். "மருமக அந்தப் பஞ்சை எடுக்குறதை நான் முதல் தடவையே பாத்துட்டேன்மா."

"அப்புறம் ஏன் சார் திரும்பத் திரும்பக் கொண்டாந்தீங்க?"

"கொண்டாந்தாத்தான அந்த நாலு நாள்? எனக்கும் சேத்துத்தான். சொந்த வீட்டு ஹால்ல பனியனோட உக்கார முடியல. அப்பா, ஏன் இப்படி இருக்கீங்கன்னு அங்கேருந்து கேக்குறான்."

"அதை அவருகிட்டயே சொல்லலாமே."

"ஒரே பிள்ளை. கோவிச்சுக்கிட்டுப் பேசாம விட்டுட்டான்னா எனக்கு வேற யாரு இருக்கா?"

பெட்டி அலமாரியில் ஏறியது. அதற்கப்புறம் தினமும் பகல் பன்னிரண்டரைக்குக் கடைக்குப் போன் வரும். "புது மெஷின் எப்படி மேடம் கெட்டுப்போகும்?" "சாஃப்ட்வேர் சேரல சார்." "இன்னைக்கு என்ன பாத்தீங்க?" "டிரைவர் போட்டுப் பாக்குறேன் சார்." அவன் ஒருநாளும் குரலை உயர்த்தவில்லை. நேற்று அவள் சொன்னதை இன்று அப்படியே திருப்பிச் சொல்லி, அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்பான். மறக்காமல் இருக்க, சொன்ன பொய்களை ஆனிமேரி ஒரு தாளில் எழுதிவைக்க ஆரம்பித்தாள். பன்னிரண்டு மணி ஆனாலே அந்தத் தாளை எடுத்து ஒருதடவை படித்துப் பார்ப்பாள். இத்தனை மாசமாக அந்தப் பெண் எப்படிச் சாப்பிட்டாள், எப்படித் தூங்கினாள் என்று நினைத்துக்கொள்வாள்.

ஒரு சனிக்கிழமை சந்தானம் மருமகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். துணி எடுக்க வந்தார்களாம். அவர்கள் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருக்கும்போதே பன்னிரண்டரை மணிப் போன் அடித்தது. ஆனிமேரி எடுக்கத் தயங்கினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

பத்மாசினி எழுந்து வந்து ரிசீவரை எடுத்தாள்.

அவர்கள் பாஷையில்தான் பேசினாள். ஆனிமேரிக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. முதலில் தடுமாறினாள். பிறகு நின்று நின்று, கணக்கு வாத்தியார் படிப்படியாகச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி பேசினாள். சந்தானம் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். ஒருதடவை மருமகள் ரிசீவரை அவர் பக்கம் நீட்டினாள். அவர் வாங்கவில்லை. அவளே பேசி முடித்து வைத்தாள்.

"என்னங்க சொன்னீங்க?" என்றாள் ஆனிமேரி.

"லேப்டாப் நல்லாத்தான் இருக்குன்னு சொன்னேன். பஞ்சு வச்சது நான்தான்னும் சொல்லிட்டேன். உங்க பேர்ல தப்பில்லைன்னும் சொன்னேன்க்கா."

"அதுக்கு அவரு?"

"புதன்கிழமை வாராராம்."

அவளுடைய விரல்கள் ரிசீவர்மேலேயே இருந்தன.

அன்றைக்கே சந்தானம் புது லேப்டாப்பை வீட்டுக்கு எடுத்துப்போனார். புதன்கிழமை பாலமுரளி வந்தான். மூன்று நாள் வீட்டில் யாரோடும் பேசவில்லை. நாலாம் நாள் பத்மாசினி துணிமணியைக் கட்டிக்கொண்டு பரமக்குடியில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கே அவளை யாரும் சந்தோஷமாக வரவேற்கவில்லை. ஆனாலும் அவள் திரும்பி வரவில்லை. லீவு முடிந்து அவன் மட்டும் மஸ்கட்டுக்குப் போனான்.

இதையெல்லாம் சந்தானம்தான் சொன்னார், ஒரு மாசம் கழித்து ஸ்பீக்கர் வாங்க வந்தபோது. காது சரியாகக் கேட்கவில்லையாம்.

"புதுசு எங்க சார் இருக்கு?"

"ஹால்லதான். அதே ஸ்டூல்ல." ஸ்பீக்கர் ஒயரை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னார். "காலையில பத்து மணிக்குச் சட்டையைப் போட்டுக்கிட்டு நான்தாம்மா முன்னாடி உக்காந்திருக்கேன். பேச ஒண்ணும் இருக்காது. அவன் அவன் வேலையைப் பாப்பான். எந்திரிச்சா, எங்கப்பா போறீங்கன்னு கேப்பான்."