பாதியில் எழுந்து போகிறவர்

எங்கள் குடும்பத்தில் எனக்கு வைத்திருக்கும் பெயர் இடைவேளை. கொழுந்தியா பிள்ளைகள் 'இடைவேளைப் பெரியப்பா' என்று முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள். கடையில் கூட வேலை பார்ப்பவர்கள் முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள். மோசமான படத்தைக் கடைசிவரை பார்ப்பது என் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது. கதாநாயகன் மழையில் நின்று தத்துவம் பேச ஆரம்பித்தால் என் முழங்கால் தானாக நிமிர்ந்துவிடும். அதற்காகவே எப்போதும் ஓரத்து சீட்டாகப் பார்த்து உட்காருவேன். தியேட்டர் வாசலில் டிக்கெட் கிழிப்பவர் என்னைப் பார்த்தால், "என்ன சார், இன்னிக்கு ரெண்டு பாட்டு வரைக்கும் தாக்குப் பிடிச்சிட்டீங்க போல?" என்பார். அதைப் பாராட்டு என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவன். "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?" என்று நாள் முழுக்கக் கேட்டுக் கேட்டு, உலகத்தில் எது தெளிவு, எது மங்கல் என்று தீர்ப்புச் சொல்லும் உரிமை எனக்குத்தான் உண்டு என்ற எண்ணம் எப்படியோ வந்துவிட்டது.

என் மனைவி நேர் எதிர். பல் மருத்துவமனையில் வரவேற்பு மேஜையில் இருக்கிறாள். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களை இதோ அதோ என்று சமாதானப்படுத்தி உட்காரவைப்பது அவள் வேலை. எந்தப் படத்துக்குப் போனாலும் விளக்குப் போடும்வரை அசையமாட்டாள். நான் பாதியில் கம்பி நீட்டிவிட்டு, வெளியே ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பேன். படம் விட்டு வந்ததும் பின்னால் ஏறி உட்கார்ந்து, போகிற வழியில் முடிவைச் சொல்லுவாள். படம் எவ்வளவு குப்பையாக இருந்தாலும் முடிவு மட்டும் பிரமாதமாக இருக்கும். இயக்குநர்களுக்குக் கடைசிக் கால் மணி நேரத்தில்தான் புத்தி வருகிறது என்று நான் ஒரு கொள்கையே வகுத்து வைத்திருந்தேன்.

அந்த முடிவுகளை மறுநாள் கடையில் நான் கூட இருந்து பார்த்த மாதிரியே சொல்லுவேன். ஒருதடவை ஒரு வாடிக்கையாளர், "இல்ல சார், கடைசியில அவன் அந்த ஆளைச் சுட்டுட்டு ஜெயிலுக்குல்ல போறான்?" என்று மறுத்தார். "உங்களுக்குத் தூரப் பார்வை கொஞ்சம் குறைஞ்ச மாதிரி தெரியுது, அந்த நாற்காலியில உக்காருங்க" என்றேன். பாவம், கண்ணாடி வாங்கிக்கொண்டுதான் போனார்.

இப்படிப்பட்ட என் குடும்பத்தில் ஒருவன் சினிமா எடுத்தான். என் மைத்துனன், மனைவியின் தம்பி. சின்ன வயதில் எங்கள் வீட்டில்தான் வளர்ந்தான். எங்களோடு எல்லாப் படத்துக்கும் வருவான், அக்காவின் மறுபக்கம் உட்காருவான், நான் எழுந்து போனாலும் அவன் வரமாட்டான். வளர்ந்து, யார் யாரிடமோ உதவியாளனாக இருந்து, கடைசியில் சொந்தமாக ஒரு படத்தை இயக்கி முடித்தான். முடித்து என்ன பயன்? வாங்க ஆளில்லாமல் பெட்டியில் கிடந்தது. பார்த்த விநியோகஸ்தர்கள் எல்லாரும் கையை விரித்துவிட்டார்கள். மிச்சம் இருந்தது ஒருவர்தான். அவரும் வேண்டாம் என்றால் சினிமாவை விட்டுவிட்டு என் கடைக்கு லென்ஸ் தேய்க்க வருவதாக அவனே அக்காவிடம் சொல்லியிருந்தான். அன்று அவள் சாப்பிடவில்லை.

அந்த விநியோகஸ்தருக்கு ஒரு விசித்திரமான பழக்கம் உண்டு. கடைசி வரிசையில் உட்காருவார். திரையைப் பார்க்கமாட்டார், முன்னால் இருக்கிற தலைகளைத்தான் பார்ப்பார். தலைகள் அசையாமல் இருந்தால் படத்தை வாங்குவார். நாலு தலை எழுந்தால் அவரும் எழுந்து போய்விடுவார். அதனால் தியேட்டரை நிரப்ப எங்கள் சொந்தபந்தம், என் கடைக்காரர்கள், அவள் மருத்துவமனை நர்சுகள் என்று எல்லாரையும் அழைத்திருந்தோம்.

அவருக்குப் படத்தைப் போட்டுக் காட்டுகிற அன்று காலை சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தபோது மனைவி வந்து நின்றாள்.

"என்னங்க, இன்னிக்கு நீங்க எந்திரிக்கக் கூடாது."

"நான் என்ன சின்னப் பிள்ளையா?"

"சின்னப் பிள்ளைன்னா மடியில உக்கார வெச்சுக்குவேன். நீங்க எந்திரிச்சா எங்க ஆளுங்க மொத்தமும் எந்திரிக்கும். அவன் வாழ்க்கைங்க."

சத்தியம் செய்துகொடுத்தேன். அதை அவள் நம்பவில்லை. நடு வரிசையில் நட்ட நடுவில் என்னை உட்காரவைத்து, ஒரு பக்கம் அவளும் மறுபக்கம் என் சகலையும் உட்கார்ந்துகொண்டார்கள். சகலை அகலமான மனிதர். அவரைத் தாண்டிப் போவதென்றால் முதலில் அவர் எழுந்தாக வேண்டும். அவர் எழுந்தால் தியேட்டருக்கே தெரியும்.

நான் செய்த முட்டாள்தனம் வேறு. வழக்கம்போலக் காலையில் ரத்த அழுத்த மாத்திரையைப் போட்டிருந்தேன். உடம்பிலிருந்து நீரைப் பிரித்து வெளியே தள்ளுகிற மாத்திரை அது. அதற்குமேல், வாசலில் கொடுத்த டீயைப் பதற்றத்தில் இரண்டு தடவை வாங்கிக் குடித்திருந்தேன். இடைவேளையில் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தால், இடைவேளையே விடப்போவதில்லை என்று மைத்துனன் அறிவித்தான். விட்டால் போனவர்கள் திரும்பி வரமாட்டார்களோ என்று அவனுக்குப் பயம்.

படம் ஆரம்பித்தது. ஒரு தியேட்டர். ஓரத்து சீட்டிலிருந்து ஒருவர் எழுந்து, பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, எல்லாரையும் இளக்காரமாக ஒரு பார்வை பார்த்துவிட்டு வெளியே நடக்கிறார்.

எங்கள் வரிசை மொத்தமும் குலுங்கிச் சிரித்தது. படத்தில் அவர் கடிகாரம் ரிப்பேர் செய்கிறவர். மற்றபடி மூக்கு, முழி, நடை, செருமல் எல்லாம் நான். சகலை முழங்கையால் இடித்தார். "யாரு சகல இது? எங்கேயோ பாத்த மூஞ்சி மாதிரி இருக்கே?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த ஆள் படத்தில் மட்டுமா எழுந்து போகிறார்? கல்யாண வீட்டில், ஆஸ்பத்திரியில் டாக்டர் பேசிக்கொண்டிருக்கும்போது, வீட்டில் மனைவி ஏதோ சொல்ல வாயெடுக்கும்போது, எல்லா இடத்திலும் பாதியில் எழுந்து போகிறார். சோறு போட்டு வளர்த்த வீட்டையே சந்தி சிரிக்க வைத்துவிட்டானே என்று நினைத்தேன். முழங்கால் நிமிரத் தயாரானது. அந்த நேரம் படம் அவரை விட்டுவிட்டு, தியேட்டருக்குள்ளேயே இருந்துவிட்ட அவருடைய மனைவியிடம் போனது. அவள் காலியான சீட்டைக் கொஞ்ச நேரம் பார்க்கிறாள். பிறகு தன் கைப்பையை எடுத்து அந்த சீட்டில் வைக்கிறாள், யாரோ அங்கே உட்கார்ந்திருக்கிற மாதிரி.

அது எனக்குத் தெரியாது. எப்படித் தெரியும், நான்தான் வெளியே நின்றுகொண்டிருந்தேனே. ஓரக்கண்ணால் மனைவியைப் பார்த்தேன். கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் போன இடம் தெரியவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

அதற்கப்புறம் நான் நிஜமாகவே படம் பார்த்தேன். அந்த ஆள் ஒருதடவையாவது திரும்பி உள்ளே வருவானா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்போல இருந்தது. ஆனால் மாத்திரைக்குக் கதை தெரியாது. காலை மாற்றிப் போட்டுப் பார்த்தேன், பல்லைக் கடித்துக்கொண்டேன், அருவி, குழாய் எதையும் நினைக்காமல் வறண்ட பொருட்களாக நினைத்துப் பார்த்தேன். கடைசிக் கட்டம் வந்துவிட்டது என்று இசையிலேயே தெரிந்தது. அதுவரைதான் முடிந்தது. எழுந்துவிட்டேன்.

சகலையும் எழுந்தார். வேறு வழியில்லை, எனக்கு வழிவிட வேண்டுமே. எழுந்தவர் திரும்ப உட்காருகிற சிரமத்தைப் படாமல் என் பின்னாலேயே வந்தார். அவருக்குப் பின்னால் கொழுந்தியா, பிள்ளைகள், என் கடைக்காரர்கள், நர்சுகள். இத்தனை வருஷமாக இடைவேளை எழுந்தால் படம் அவ்வளவுதான் என்று அவர்களைப் பழக்கியிருந்தவன் நான்தான். திரும்பிப் பார்க்கவோ விளக்கம் சொல்லவோ எனக்கு அப்போது தெம்பில்லை. ஓடினேன்.

கழிவறையில் நின்று, கண்ணை மூடி, ஒரு பெருமூச்சு விட்டேன். பக்கத்தில் யாரோ வந்து நின்றார்கள். பார்த்தால் விநியோகஸ்தர். 

"படம் தேறாதா சார்?" என்றார் சுவரைப் பார்த்தபடி. "ஒரு வரிசையே காலியாயிடுச்சே."

"ஐயோ, படத்துக்கு ஒண்ணும் இல்ல சார்! என் மாத்திரைதான் காரணம்!"

"மாத்திரையா?"

"அந்தப் படத்துல வர்ற ஆளு நான்தான் சார். என்னை வெச்சுத்தான் எடுத்திருக்கான். முதல்ல எனக்குக் கோபம்தான் வந்துச்சு. ஆனா அந்த ஆளு திரும்ப உள்ள வர்றானா இல்லையான்னு நான் பாக்கணும். பேச நேரமில்ல சார்!"

சொல்லிவிட்டுப் பாய்ந்தேன். வராந்தாவில் என் சொந்தபந்தம் மொத்தமும் டீயும் கையுமாக நின்றுகொண்டிருந்தது.

"உள்ள போங்க எல்லாரும்! நான் பாத்ரூம் போகத்தான் வந்தேன்!"

"அதை எந்திரிக்கும்போதே சொல்லக்கூடாதா?" என்றார் சகலை. "இப்பதான் ஊதிக் குடிக்க ஆரம்பிச்சேன்."

அவரை முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தேன். திரையில் பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன. மைத்துனன் கதவோரம் முகம் வெளுத்து நின்றான். நடு வரிசை முழுக்கக் காலி. அதில் என் மனைவி மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தாள். என் சீட்டில் அவள் கைப்பை இருந்தது.

 போய்ப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் முகம் நனைந்திருந்தது. படம் முடிகிற நேரத்தில் அவள் முகத்தை நான் பார்ப்பது அதுதான் முதல்தடவை.

"முடிவு என்னாச்சு?" என்றேன் அசடு வழிய.

"இதை மட்டும் சொல்ல மாட்டேன்" என்றாள்.

விநியோகஸ்தர் உள்ளே வந்தார். நேராக மைத்துனனிடம் போய், எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். "தம்பி, ஒரே ஒரு தியேட்டர், காலைக் காட்சி மட்டும். அதுக்கு மேல எங்கிட்ட கேக்காத. படம் பிடிக்காம எந்திரிச்சு ஓடுறவங்களை நான் நிறைய பாத்திருக்கேன். படம் பாக்கணும்னு ஜிப்பைக்கூடப் போடாம உள்ள ஓடினவரை இன்னிக்குத்தான் பாத்தேன்."

நர்சுகள் உட்பட எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். மனைவி, என் மடியிலிருந்த கைப்பையைக் கொஞ்சம் நகர்த்திச் சரியாக வைத்தாள். என் மானம் கப்பலேறிய அன்று என் மைத்துனன் கரையேறினான்.

வீடு போகும்வரை கெஞ்சியும் அவள் முடிவைச் சொல்லவில்லை. படம் வெளிவந்த அன்று, மாத்திரையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, ஒரு மடக்கு டீகூடக் குடிக்காமல், மறுபடி நடு வரிசையில் போய் உட்கார்ந்தேன்.

கடைசிக் கட்டம் வந்தது. படத்துக்குள் ஓடுகிற படத்தில் கதாநாயகன் வில்லனைச் சுட்டுவிட்டு, ஜெயிலுக்குப் போகும் வழியில் ஒரு பாட்டும் பாடுகிறான். படுகுப்பை. அந்தப் பெண் எழுந்து, பையை எடுத்துக்கொண்டு, மறுபக்கம் உட்கார்ந்திருந்த தன் சின்னத் தம்பியின் கையைப் பிடித்து வெளியே வருகிறாள். வெயிலில் ஸ்கூட்டர் பக்கத்தில் அந்த ஆள் நிற்கிறார். அவர் திரும்பி உள்ளே வரவே இல்லை. "என்னாச்சு?" என்று மட்டும் கேட்கிறார். அவள் பின்னால் ஏறி உட்கார்ந்து சொல்கிறாள்: "அவன் சுடலைங்க. துப்பாக்கியைக் கீழ போட்டுட்டு, அந்த ஆளு வீட்டுக் கதவைத் தட்டி, குடிக்கத் தண்ணி கேட்டான்." நடுவில் இடுங்கி உட்கார்ந்திருக்கும் தம்பி நிமிர்ந்து அக்காவின் வாயையே பார்க்கிறான். ஸ்கூட்டர் போகிறது. படம் முடிகிறது.

தண்ணீர் கேட்ட அந்த முடிவு எனக்குத் தெரியும். கடையில் எத்தனையோ பேரிடம் சொல்லிச் சிலிர்த்த முடிவு அது. ஜெயில் என்று சொன்னவரைத்தான் நாற்காலியில் உட்காரவைத்துக் கண்ணாடி மாட்டி அனுப்பினேன்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். துடைத்து மாட்டிய பிறகும் மங்கலாகவே இருந்தது.

"எல்லாப் படமுமா?" என்றேன்.

"எல்லாம் இல்ல. ரெண்டு மூணு நல்லாவே முடிஞ்சிருக்கு."

"ஏன் என் காதுல இப்படிப் பூச்சுத்துன?"

"குப்பைன்னு சொன்னா, நான் அப்பவே எந்திரிச்சேன் பாத்தியான்னு ஊரெல்லாம் பீத்திக்குவீங்க" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "வெயில்ல நின்னுட்டு ஆசையா வேற கேப்பீங்க" என்றாள்.

வாசலில் மைத்துனன் காத்திருந்தான். "எப்படி இருந்துச்சு மாமா?" என்றான். ஒரு படத்தை முழுசாகப் பார்த்துவிட்டுக் கருத்துச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. "நடுவுல கொஞ்சம் இழுவை" என்று சொல்லிவிட்டு அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

ஸ்கூட்டரில் அவள் ஏறி உட்கார்ந்தாள். நான் வண்டியைக் கிளப்பவில்லை.

"முடிவு என்னாச்சு?" என்றேன்.

"பக்கத்துலதானே உக்காந்திருந்தீங்க?"

"பரவாயில்ல, நீ சொல்லு."

என் தோளில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"அந்த ஆளு இருக்காருல்ல," என்றாள், "அவரு வண்டியை நிறுத்திட்டு, திரும்ப உள்ள வந்தாருங்க."