முதல் பருவத்துக் குரல்கள்

விஜயகுமார் அன்று காலையில் மூன்றாவது முறையாக மாடியேறி வந்து, "என்னம்மா சுகன்யா, எத்தன பக்கம் ஆச்சு?" என்று கேட்டார். நான் சொல்லத் தொடங்கியதும் ஜன்னலருகே போய்த் தெருவைப் பார்த்தார். பிறகு கைபேசியைப் பார்த்தார். பிறகு, யாரும் வராத வாசலைப் பார்த்தார்.

கீழ்த்தளத்தில் ஏலக்காய் தரம் பிரிக்கிறார்கள். சல்லடை ஆடும் ஓசையும் காயின் நெடியும் நாள் முழுவதும் மேலேறி வந்துகொண்டே இருக்கும். மேல்தளத்தில் இருபது கணினிகள். இதுதான் கொண்டை ஊசி ஸ்டுடியோ. பெரியவர்கள் பார்ப்பதற்கான அனிமேஷன் தொடரை எடுக்கும் நிறுவனம் ஒன்று போடிநாயக்கனூரில் இருப்பதாகச் சொன்னால் மதுரையிலேயே நம்பமாட்டார்கள். "கார்ட்டூன்னா சின்னப்புள்ளைக பாக்குறதுதானே?" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லியே விஜயகுமாருக்கு முன்தலை வழுக்கையாகிவிட்டது என்று அவருடைய தங்கை பவித்ரா சொல்வாள்.

அண்ணனும் தங்கையுமாக 2016இல் தொடங்கினார்கள். முதல் மூன்றாண்டுகள் பிறருடைய முயல்களை வரைந்தார்கள். ஒரு வெளிநாட்டுக் குழந்தைத் தொடரில் முயல் காதைத் தூக்கத் தொடங்கும் படமும் தூக்கி முடித்த படமும் அங்கிருந்து வந்து சேரும். நடுவில் வரவேண்டிய படங்களை இங்கே வரைந்து நிரப்ப வேண்டும். 2019இல் பவித்ராவுக்கு முயல் சலித்துவிட்டது. 'ஆறு மணி ஜீப்பு' என்ற தொடரை அவள் எழுதி இயக்கினாள். ஐந்து பெண்கள் விடியலில் ஜீப்பில் போடிமெட்டு ஏறி, எல்லைக்கு அப்பால் இடுக்கி மலைகளில் உள்ள ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறார்கள். மலைப்பாதையின் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளைக் கடப்பதற்குள் ஓர் அத்தியாயம் முடிந்துவிடும். கணவன், மாமியார், கங்காணி, கருத்தடை, குலசாமி என்று அவர்கள் வாயில் அரைபடாதது எதுவும் இல்லை. முதல் பருவத்தின் குரல்கள் உண்மையான தொழிலாளிகளுடையவை. அதுதான் தொடருக்குப் பெயர் வாங்கித் தந்தது. இரண்டாம் பருவத்துக்கு மதுரையிலிருந்து நடிகைகள் வந்தார்கள். பார்வையாளர்கள் வரவில்லை.

இப்போது இணையவழி நிறுவனம் ஒன்று தொடரை வாங்க முன்வந்திருந்தது. அது கேட்டவை இரண்டு: ஸ்டுடியோவின் வரலாற்றைச் சொல்லும் ஒரு நூல்; முதல் பருவத்தில் பேசிய ஐந்து பெண்களின் எழுத்துப்பூர்வமான சம்மதம். வெள்ளிக்கிழமைக்குள் இரண்டும் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் மாதக் கடைசியில் கணினிகளைக் கட்டி அனுப்பிவிட்டு மேல்தளத்தையும் ஏலக்காய்க்கே விட்டுவிட வேண்டியதுதான்.

நூலை எழுதும் வேலை, வரலாறு படித்துவிட்டுக் கட்டுரைகள் எழுதிவந்த என்னிடம் வந்தது. நான்கு பெண்கள் ஏற்கெனவே கையெழுத்திட்டிருந்தார்கள். ஐந்தாமவர், சிலமலையைச் சேர்ந்த மகாராணி, மறுத்துவிட்டார். ஏன் என்று கேட்டால் அண்ணனும் தங்கையும் பேச்சை மாற்றினார்கள்.

வரலாறு எழுதுவதற்காகப் பவித்ராவின் பழைய நேர்காணல்களை அடுத்தடுத்து வைத்துப் படித்தேன். ஒன்றில் ஒலிப்பதிவுக் கருவி அவள் கையில் இருந்தது. இன்னொன்றில் பெண்களின் மடியில் கைமாறிக் கைமாறிப் போனது. மூன்றாவதில் ஓட்டுநர் ராஜ்கமல் பிடித்திருந்தார். ஒரு கையால் அந்த மலைப்பாதையில் எப்படி ஓட்டினார் என்று பேட்டி எடுத்தவர் கேட்கவில்லை. மூன்றிலும் மாறாமல் இருந்தது ஒரு வாக்கியம்: 'அவர்களாகவே மனமுவந்து தங்கள் குரலைத் தந்தார்கள்.' சொல்லுக்குச் சொல் மாறாமல் திரும்ப வரும் வாக்கியத்தை நின்று கவனிக்க வேண்டும் என்று எங்களுக்குப் பாடம் உண்டு. ஆனால் நான்கு ஆண்டுகளுக்கு முன் அதே வாக்கியத்தை மேற்கோளாக வைத்து நான் ஒரு கட்டுரையே எழுதியிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்கு விடுமுறை. சிலமலைக்குப் போனேன்.

மகாராணி வாசலில் உட்கார்ந்து துணி அலசிக்கொண்டிருந்தார். நாற்பத்தெட்டு வயதிருக்கும். நான் யார் என்று சொன்னதும், "பென்சில்ல எழுதுறியா, பேனாவுல எழுதுறியா?" என்று கேட்டார்.

"ஏன்க்கா?"

"அழிச்சு எழுதுற சோலி இருக்கே, அதான்."

முதல் அத்தியாயத்தின் கதை அவருடையது. குடித்துவிட்டு வந்த கணவர் பால்சாமியைக் காய் உலர்த்தும் சூட்டறைக்குள் தள்ளிப் பூட்டி, போதை வேர்வையாக இறங்கும் வரை வெளியே உட்கார்ந்து வெற்றிலை போட்ட கதை. ஜீப்பில் அவர் அதைச் சொன்ன விதத்தைக் கேட்டுத் தமிழ்நாடே சிரித்தது. குடும்பக் கதை ஊரெல்லாம் தெரிந்துவிட்ட கோபத்தில்தான் மறுக்கிறார் என்று நான் எண்ணியிருந்தேன். அதைச் சுற்றி வளைத்துக் கேட்டேன்.

"அவருக்கென்ன கோவம்? டிவியில வந்துட்டேன்னு தேனி வரைக்கும் சொல்லிக்கிட்டுத் திரியிறாரு. வேட்டிக்கு ஏன் பச்சைக் கரை போடலன்னுதான் வருத்தம்." துணியை முறுக்கிப் பிழிந்தார். "எனக்கு வேற. ஆறு வருசமாச்சு ஆத்தா, ஜீப்புல என்கூட யாரும் பேசி."

ஏன் என்று கேட்டேன்.

"அந்தப் படத்த எல்லாரும் சேந்துதான் பாத்தோம். பாத்து முடிச்சதும் சுப்புத்தாய் சொன்னா: 'எங்க கொரலெல்லாம் கெணத்துக்குள்ள இருந்து கேக்குது. ஒங்கொரலு மட்டும் காதுக்குள்ள பேசுது. அப்ப மிசினு யாரு மடியில இருந்துச்சு?' நான் என்னன்னு சொல்ல? எனக்கே அப்பத்தான் தெரியும். அந்தப் புள்ள பேட்டியில வேற, அவங்களாத்தான் தந்தாங்கன்னு சொல்லுது. நாலு பேருக்கும் தெரியும், தாங்க தரலன்னு. மிச்சம் யாரு? நாந்தானே?"

"நீங்க சொல்லலியா?"

"சொல்லாம? மறுநா ஏறப் போனா, பைய ஒதறிக் காமின்னாளுக. சோத்துவாளியத் தெறந்து காமிச்சேன். ரசந்தான் இருந்துச்சு. அன்னியிலருந்து நான் ஏறுனா எல்லாம் வாய மூடிக்கிருவாளுக. ஒண்ணர மணி நேரம் இந்தப் பக்கம் மல, அந்தப் பக்கம் பள்ளம். காட்டுல ஆளுக்கு ஒரு பாத்தியில குனிஞ்சு கெடக்குறோம். பேசுறதுக்குன்னு எங்களுக்கு இருந்தது அந்த ஜீப்பு ஒண்ணுதான்."

கையெழுத்தைப் பற்றிக் கேட்டேன்.

"போடுறேன். அந்தப் புள்ள ஜீப்புல ஏறி, அவளுக முன்னாடி, மகாராணிக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லட்டும். சொன்ன எடத்துலயே போடுறேன்."

திங்கட்கிழமை ஸ்டுடியோவில் இதைச் சொன்னபோது பவித்ரா எழுந்து நின்றாள். மேசைக்கும் ஜன்னலுக்கும் நடுவே நடந்தாள். எதிரிலிருந்த திரையில், பாதி வரைந்த ஒரு பெண் வாயைத் திறந்தபடி நின்றிருந்தாள்.

"நாந்தான் வச்சேன்" என்றாள். "ஓட்டுநர் சீட்டுக்குப் பின்னாடி இருக்கிற சீட்டு. அதுக்கு அடியில கம்பியில கட்டினேன். மகாராணிக்காவுக்கு வளைவுல தலை சுத்தும். எப்பவும் அங்கதான் உட்காருவாங்க. அவங்க சீட்டுன்னு நெனச்சு நான் வைக்கல. கட்டுறதுக்கு அங்கதான் கம்பி இருந்துச்சு."

"கேட்டுட்டு வச்சிருக்கலாமே?"

"கேட்டோம். இங்க கூட்டிட்டு வந்து மைக் முன்னாடி உட்கார வச்சோம். 'வணக்கம், நாங்கள் தோட்டத்தில் வேலை செய்கிறோம்'னு பள்ளிக்கூடத்துப் பிள்ளைக மாதிரி ஒப்பிச்சாங்க. அவங்க அவங்களா இருக்கிறது ஜீப்புல மட்டுந்தான்."

விஜயகுமார் கதவைச் சாத்தினார். "பாப்பா, நல்லா யோசி. நாலு கையெழுத்து பையில இருக்கு. அந்த நாலும் எப்படி வந்துச்சு? 'அதான் மகாராணி ஏற்கெனவே குடுத்துட்டாளே, இனி மறைக்க என்ன இருக்கு'ன்னு போட்டாங்க. இப்பப் போயி நான் திருடுனேன்னு நீ சொன்னா? ஒண்ணுக்கு ஆசப்பட்டு நாலையும் விடப் போற."

"அஞ்சும் வேணும்ணே. நாலு இருந்தாலும் ஒண்ணுதான், சைபர் இருந்தாலும் ஒண்ணுதான்."

"மகாராணிட்ட நான் போயிப் பேசுறேன். தனியா மன்னிப்புக் கேட்டுக்குவோம். ஜீப்பெல்லாம் வேணாம்." என்னிடம் திரும்பினார். "நீ எழுதிக்கிட்டு வர்றது அப்படியே இருக்கட்டும்மா. இருக்கிற வரலாறே நல்லாத்தான் இருக்கு."

செவ்வாய்க்கிழமை மாலை, வேலை முடிந்து வரும் நேரம் பார்த்து அவர் சிலமலைக்குப் போனார். அரைமணியில் திரும்பினார். மகாராணி காபி கொடுத்து, "தம்பி, நீங்க ஜீப்புல வர்றதில்லையே" என்று மட்டும் சொன்னாராம்.

அன்றிரவு வெகுநேரம் பவித்ரா ஒரே காட்சியைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டாள். சூட்டறைக் கதவருகே வெற்றிலை மெல்லும் பெண். அந்த உருவத்தின் கழுத்துச் சாய்வும், சிரிப்பதற்கு முன் மூக்கைத் தடவும் பழக்கமும் மகாராணியுடையவை அல்ல. பவித்ரா கற்பனையாக வரைந்தவை. குரல் மட்டும் அவருடையது. "படத்தை மாத்தி வரைஞ்சிடலாம். ஆயிரம் தடவை வரையலாம்" என்றாள். மறுபடி ஓடவிட்டாள்.

புதன்கிழமை காலை ஆறு மணிக்குப் போடியில் நானும் பவித்ராவும் ஜீப்பில் ஏறினோம். பதினான்கு பெண்கள் முழங்காலோடு முழங்கால் இடித்தபடி இருந்தார்கள். மகாராணி தன் வழக்கமான இடத்தில் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். எதிரில் சுப்புத்தாய். வயது ஐம்பதுக்கு மேல், கருத்த, பருத்த உடம்பு, கூர்மையான கண். கையெழுத்திட்ட நால்வரில் முதலாமவர். "படக்காரப் புள்ளைகளுக்கு எடம் விடுங்கடி" என்றார். அதன்பின் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பவித்ராவின் மடியில் கையெழுத்துத் தாள்கள் இருந்த பை.

அடிவார ஊரான முந்தலைத் தாண்டி முதல் வளைவில் பவித்ரா தொண்டையைச் செருமினாள். ராஜ்கமல் பாட்டின் ஒலியைக் கூட்டினார். இரண்டாவது வளைவில் மறுபடி செருமினாள். பாட்டு மறுபடி உயர்ந்தது. கண்ணாடியில் அவருடைய கண்கள் எங்கள் மேலேயே இருந்தன. ஆறாவது வளைவில் பேச வாயெடுத்தாள். எதிரே லோடு வண்டி வந்தது. ஒதுங்கி நின்று வழிவிட்டு நகர்ந்ததும் அவள் வாய் மூடிக்கொண்டது. ஒன்பது, பத்து. கீழே போடி ஒரு புகைத்திட்டாகச் சுருங்கியது. நான் வளைவுகளை எண்ணிக்கொண்டிருந்தேன்; அவளும் எண்ணுகிறாள் என்பது அவள் விரல்களில் தெரிந்தது. பதினான்கு. மகாராணி ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

பதினைந்தாவது வளைவில் பவித்ரா, "ராஜ்கமல் அண்ணே, பாட்ட அமத்துங்க" என்றாள்.

"நல்ல பாட்டும்மா."

"அமத்துங்கண்ணே."

பாட்டு நின்றது.

"நான் ஒண்ணு சொல்லணும். ஆறு வருசத்துக்கு முன்னாடி இந்த ஜீப்புல நீங்க பேசினத நான் ஒளிச்சு வச்சுப் பதிவு பண்ணேன். ஒருத்தர்கிட்டயும் கேக்கல. அந்தச் சீட்டுக்கு அடியில கட்டியிருந்தேன். மகாராணிக்கா அதுல உட்கார்ந்திருந்ததால அவங்க குரல் கிட்டக் கேட்டுச்சு. அவ்வளவுதான். அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. நீங்களாத் தந்தீங்கன்னு நான் பேட்டியில சொன்னது பொய்."

சுப்புத்தாய் குனிந்து, மகாராணியின் சீட்டுக்கு அடியில் கையைவிட்டுத் துழாவினார். துருப்பிடித்த கம்பித் துண்டு ஒன்று கையோடு வந்தது. அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"ஏண்டா ராஜ்கமலு, ஒனக்குத் தெரியாம இந்தச் சீட்டுக்கு அடியில எலி நொழையுமா?"

"வளைவு வருது அத்தை. பேச்சுக் குடுக்காத."

"வாடா வா. எறங்குனதும் குடுக்குறேன்." பவித்ராவிடம் திரும்பினார். "சரி. அந்தப் படத்துல இடுப்பு அண்டா மாதிரி ஒருத்தி வர்றாளே, அது யாரு?"

பவித்ரா தலைகுனிந்தாள். யாரோ பின்னாலிருந்து களுக்கென்று சிரித்தார்கள். சுப்புத்தாய் சிரிக்கவில்லை. "நான் போட்ட கையெழுத்து ஒங்கிட்டத்தானே இருக்கு? கொண்டா."

பவித்ரா பையைத் திறந்து தாளை எடுத்துக் கொடுத்தாள். சுப்புத்தாய் அதை நான்காக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டார். "கிழிக்க மாட்டேன். யோசிச்சுச் சொல்றேன். அப்ப, இவ குடுத்துட்டாள்னு நெனச்சுப் போட்டது. இது வேற." மற்ற மூவரும் கை நீட்டினார்கள். அவர்களுக்கும் கொடுத்தாள். பை தட்டையாகிவிட்டது.

போடிமெட்டுச் சோதனைச் சாவடியில் ஜீப்பு நின்றது. பனி உள்ளே வந்தது. அப்போதுதான் மகாராணி திரும்பினார்.

"என் தாளு எங்க?"

ஐந்தாவது தாளைப் பவித்ரா நீட்டினாள்; பேனாவை நான் கொடுத்தேன். மகாராணி அதைச் சோத்துவாளியின் மூடிமேல் வைத்து, எழுத்தெழுத்தாகத் தன் பெயரை எழுதினார். "சொன்னாப் போடுறேன்னு சொன்னேன். சொல்லிட்ட." பேனாவை என்னிடம் திருப்பித் தந்தார். "எறங்குங்க ரெண்டு பேரும்."

"தோட்டம் வரைக்கும் வர்றோம்க்கா. பேசணும்..."

"நாங்க பேசணும்" என்றார் மகாராணி. "எறங்கு ஆத்தா, வெரசா. நேரமாச்சு."

இறங்கினோம். ஜீப்பு உறுமிக்கொண்டு எல்லையைக் கடந்தது. சுப்புத்தாயின் குரல் ஏதோ கேட்டது. மகாராணியின் குரல் பதில் சொன்னது. அடுத்த கணம் பதினான்கு பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். சண்டையா சிரிப்பா என்று தெரியவில்லை. பவித்ரா இரண்டு எட்டு முன்னால் ஓடி, காதைச் சாய்த்து நின்றாள். ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. வளைவில் திரும்பிய பிறகும் கொஞ்ச நேரம் சத்தம் கேட்டது.

கைபேசி அடித்தது. விஜயகுமார்.

"என்னாச்சு பாப்பா? போட்டாளா?"

"போட்டுட்டாங்க."

"அப்பாடா! அப்ப அஞ்சு."

"இல்லண்ணே" என்றாள் பவித்ரா. "ஒண்ணு."