படகுத்துறைப் பாட்டுப்பெட்டி

நாற்பத்தேழு வயதாகியும் வீட்டில் அவளுக்குப் பெயர் சின்னவள்தான். மூக்குக்கண்ணாடிக் கடையில் பதினெட்டு வருடமாக வேலை. தெருவில் எதிரே வருகிறவரின் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் இரண்டு கண்ணுக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர் என்று சொல்லிவிடுவாள். அப்பேர்ப்பட்டவள் இரண்டு மாதமாக வருகிறவர்களுக்கெல்லாம் கண்ணாடியைக் கோணலாக மாட்டி அனுப்பிக்கொண்டிருந்தாள். முதலாளி பொறுத்துப் பார்த்துவிட்டு, "என்னம்மா, முதல்ல உனக்குத்தான் கண்ணு டெஸ்ட் பண்ணணும்போல இருக்கே" என்றார்.

எல்லாம் ஒரு பெட்டியால் வந்த வினை. இரண்டு மாதத்துக்கு முன்பு கடைக்கு வந்த ஒரு பெண்ணின் கைபேசி, சின்னச் சின்ன மணிகளை யாரோ நகத்தால் சுண்டுவதுபோல ஒலித்தது. சின்னவளின் கையிலிருந்த லென்ஸ் நழுவித் தரையில் விழுந்தது. அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும், சின்ன வயதிலிருந்தே ஞாபகத்தில் இருப்பது. ஆளுயர மரப்பெட்டி, மேல் பாதியில் கண்ணாடிக் கதவு, உள்ளே உடம்பெல்லாம் ஓட்டையோடு நின்றவாக்கில் சுற்றும் பெரிய உலோகத் தட்டு. காசைப் போட்டால் முதலில் கர்ரென்று ஒரு உறுமல், பிறகு இந்த மணிப்பாட்டு. அவள் யாருடைய இடுப்பிலோ இருக்கிறாள். கண்ணாடியில் அவள் முகத்தோடு கன்னம் ஒட்டியபடி இன்னொரு முகம்.

அந்த இன்னொரு முகம்தான் அவளைப் படுத்தி எடுத்தது. அவள் தவழ்ந்துகொண்டிருந்த காலத்தில் அம்மா வீட்டை விட்டுப் போய்விட்டாள். போனவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்று அப்பா சாகும்வரை சொன்னார், அக்காவும் அதையே சொன்னாள். ஆனால் அந்தக் கண்ணாடியில் இருந்தது அம்மா என்றால், அம்மா ஒரே ஒரு தடவையாவது அவளைப் பார்க்க வந்திருக்கிறாள், தூக்கியிருக்கிறாள், காசு போட்டுப் பாட்டுக் கேட்க வைத்திருக்கிறாள். சின்னவளுக்கு வேறு எதுவும் வேண்டாம். அந்த ஒரு தடவை நிஜமா என்று தெரிந்தால் போதும்.

விசாரிக்காத இடமில்லை. கடிகாரம் பழுது பார்க்கிறவர் ஜூக்பாக்ஸ் என்றார். அதில் இசைத்தட்டு இருக்கும், இதில் ஓட்டைத் தகடுதானே என்றதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. எதிர்வீட்டுக்காரர் அது எடை பார்க்கும் இயந்திரமாக இருக்கும் என்று அடித்துச் சொன்னார். எடை பார்க்கும் இயந்திரத்தை நினைத்து யாராவது நாற்பது வருடம் ஏங்குவார்களா? அந்த மனிதருக்கு வாயைத் திறந்தால் தீர்ப்புத்தான்.

அக்காவிடம் சொன்னபோது அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஒன்பது வயது மூத்தவள். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு இவளை வளர்த்தவள். தனக்கென்று ஒரு குடும்பம் வேண்டும் என்று இதுவரை கேட்காதவள்.

"அது கனவுடி. மூணு வயசுல பார்த்தது யாருக்கு ஞாபகம் இருக்கும்?"

"மூணு வயசுன்னு நான் சொல்லவே இல்லையே."

அக்கா மடித்த துணியை உதறி மறுபடி மடித்தாள். "ஒரு பேச்சுக்குச் சொன்னேன். உனக்கு எல்லாத்துலயும் ஒரு குறுக்குக் கேள்வி."

அன்றிலிருந்து சின்னவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பெட்டியைப் படமாக வரைந்து, பழைய இயந்திரங்களைச் சேர்ப்பவர்கள் கூடும் ஒரு இணையக் குழுவில் போட்டாள். கப்பலில் என்ஜினியராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் பதில் எழுதினார். குழுவில் அவரைக் கப்பல்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் மூன்றே கேள்வி கேட்டார். தட்டு படுத்திருந்ததா, நின்றிருந்ததா? ஓரத்தைப் பிடித்துச் சுற்றியதா, நடுவைப் பிடித்தா? பாட்டு தானாக நின்றதா, பாதியில் அறுந்ததா? நின்றிருந்தது, ஓரம் என்று முதல் இரண்டுக்கும் எழுதிவிட்டு, மூன்றாவதுக்கு அவள் நெடுநேரம் யோசித்தாள். பிறகு, "தானாக நின்றது. நின்ற பிறகு ரொம்ப அமைதியாக இருந்தது" என்று எழுதினாள். கப்பல்காரர், "ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், என்னிடம் ஒன்று இருக்கிறது" என்று முகவரி அனுப்பினார்.

"நானும் வர்றேன்" என்றாள் அக்கா.

"கனவுன்ன?"

"நீ தனியாப் போயி ஏமாந்துட்டு வந்து மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவ. யாரு பார்க்கிறது?"

பேருந்தில் ஒன்றரை மணி நேரம். சின்னவள் நான்கு தடவை இடம் மாறி உட்கார்ந்தாள். அக்கா டிக்கெட்டை மடித்துப் பிரித்து மடித்ததில், இறங்கும்போது அது தூளாகிவிட்டிருந்தது.

கப்பல்காரரின் பட்டறை ஒரு பழைய கார் நிறுத்துமிடம். எண்ணெய் வாசம், சுவர் முழுக்கத் திருப்புளிகள், நடுவில் போர்வை போர்த்திய உயரமான ஒன்று. அவர் போர்வையை இழுத்தார். அதேதான். வலப்பக்கம் பித்தளைக் காசுத்துளை, கண்ணாடிக் கதவு, உள்ளே ஓட்டைத் தட்டு.

"இதுக்குப் பேரு தகட்டு இசைப்பெட்டி" என்றார் கப்பல்காரர். ஊரில் ஒருவருக்கும் தெரியாத பெயரை அவர் வெகு சாதாரணமாகச் சொன்னார். "தட்டோட முதுகுல கொக்கி கொக்கியா இருக்கும். அது பல்சக்கரத்தத் தட்டும், சக்கரம் இந்த இரும்புச் சீப்போட பல்லச் சுண்டும். அதான் சத்தம். காசோட எடைதான் பூட்டத் திறக்குது. இப்ப இருக்கிற காசுக்கு எடை பத்தாது. பழைய காசு தர்றேன், போடுங்க."

"இது எங்க இருந்ததுன்னு தெரியுமா?"

"படகுத்துறையில. அக்கரைக்குப் போறவங்க காத்திருப்பாங்களே, அந்த அறையில இருந்துச்சு. பாலம் வந்ததும் துறைய மூடிட்டாங்க, சாமானையெல்லாம் ஏலத்துல விட்டாங்க."

அக்கா பக்கத்திலிருந்த மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டாள். சின்னவள் கவனிக்கவில்லை. அம்மா அக்கரைக்காரி. அக்கரையிலிருந்து படகில் வந்திருக்கிறாள், துறையிலேயே வைத்துத் தன்னைப் பார்த்திருக்கிறாள். இதைவிடப் பொருத்தம் வேறு என்ன வேண்டும்? காசைப் போட்டாள். கர்ரென்று உறுமிவிட்டுத் தட்டு சுற்றத் தொடங்கியது. அந்த முகம் இருந்த இடத்தைப் பார்க்க நிமிர்ந்தாள்.

எதிரே மரம்தான் இருந்தது. கண்ணாடி அவள் கழுத்தோடு முடிந்து, அதற்கு மேல் பூவேலை செய்த பலகை. முகம் தெரிய வேண்டுமானால் அவள் நன்றாகக் குனிய வேண்டியிருந்தது.

பதினெட்டு வருடப் பழக்கம் சும்மா விடுமா? பையிலிருந்து நாடாவை எடுத்துத் தரையிலிருந்து அளந்தாள். கண்ணாடியின் மேல் விளிம்பு நான்கடி நான்கு அங்குலம். இடுப்பில் இருக்கும் குழந்தையின் முகமும் தூக்கியவர் முகமும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருக்கும். அம்மா அப்பாவைவிட உயரம், இருக்கிற ஒரே புகைப்படத்திலேயே அது தெரியும். அம்மா தூக்கியிருந்தால் இரண்டு பேருக்கும் பலகைதான் தெரிந்திருக்கும். குனிந்திருப்பாளோ? பாட்டு முழுக்கவா, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டா? கண்ணாடியில் முகம் தெரிகிற மாதிரி நிமிர்ந்து நின்று தூக்கியவர் யாராக இருந்தாலும், அவர் உயரம் நாலரை அடியைத் தாண்டாது.

நாலரை அடி ஒரு சிறுமியின் உயரம்.

அவள் மெதுவாகத் திரும்பினாள். அக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கப்பல்காரர் விவரம் தெரிந்த மனிதர், தேநீர் போட்டு வருகிறேன் என்று உள்ளே போய்விட்டார்.

"நான்தான்" என்றாள் அக்கா. "அம்மா வரல. ஒரு தடவ கூட வரல. நான்தான் உன்னத் தூக்கிக்கிட்டுப் போனேன்."

"அதை ஏன் கனவுன்னு சொன்ன? இத்தன வருஷமா ஏன் சொல்லல?"

"என்னத்தச் சொல்றது? உனக்கு வேடிக்க காட்டவா கூட்டிட்டுப் போனேன்? விட்டுட்டுப் போகத்தான் போனேன்."

பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அக்கா அதற்கு மேலாகக் குரலை உயர்த்தவில்லை. சின்னவள் பக்கத்தில் போய் நின்ற பிறகுதான் கேட்டது.

"எனக்குப் பன்னெண்டு வயசு. அப்பா வேலைக்குப் போனா விடிஞ்சாத்தான் வருவாரு. சமையல், துணி, நீ. நீ ராப்பகலா அழுவ. அம்மாவத் தேடி அக்கரைக்குப் போயிடலாம்னு நெனச்சேன். கையில ரெண்டு காசு இருந்துச்சு. ஒண்ணு பெட்டிக்கு, ஒண்ணு படகுக்கு. உன்ன முன்னாடி நிறுத்தி, காசப் போட்டுட்டு, பாட்டு முடியறதுக்குள்ள படகேறிடணும். அங்க அத்தன பேரு இருந்தாங்க, யாராவது பார்த்துக்குவாங்கன்னு நெனச்சேன்."

சின்னவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மா ஒரு தடவை விட்டுப் போனாள், இவளும் போகப் பார்த்திருக்கிறாள். அந்த முகத்தைத்தான் இத்தனை வருடம் அம்மா என்று பொத்தி வைத்திருந்தோமா? கையிலிருந்த நாடாவைச் சுருட்ட வராமல் மேசைமேல் எறிந்தாள்.

"அப்போ போயிருக்க வேண்டியதுதானே. யாரு பிடிச்சா உன்ன?"

"படகேறுற பலகையில ஒரு கால வச்சுட்டேன். பாட்டு நின்னுடுச்சு."

அந்த நேரம் பார்த்துப் பெட்டியும் ஒரு சுற்று முடிந்து நின்றது. பட்டறையில் சத்தமே இல்லை. அக்கா அப்போதுதான் தலையை நிமிர்த்தினாள். ஐம்பத்தாறு வயது முகம். இரண்டு கண்ணுக்கும் நடுவே அறுபது மில்லிமீட்டர் என்று மட்டும் சின்னவளுக்குத் தெரிந்த முகம்.

"பாட்டு நின்னா நீ திரும்பிப் பார்ப்ப இல்ல" என்றாள் அக்கா. "நீ திரும்பிப் பார்க்கிறப்ப நான் அங்க இருக்கணும்னு ஓடி வந்தேன். நீ இன்னும் இன்னும்னு பெட்டியத் தட்டுன. உன்னத் தூக்கி வச்சுக்கிட்டு, படகுக்கு வச்சிருந்த காசப் போட்டேன்."