பூப்போட்ட உறைக்குள் ஒரு கேமிங் கம்ப்யூட்டர்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை ஒரு வளையல் போட்ட கையிலிருந்து வந்தது. அந்தக் கை யாருடையது என்று எனக்குத் தெரியாது.

என் பழைய கம்ப்யூட்டர் போன மழையோடு போய்விட்டது. மும்பை மாட்டுங்காவில் நான் வழக்கமாகப் போகிற கடைக்காரர், கேமிங் கம்ப்யூட்டராகவே வாங்கிவிடுங்கள், அதில் கதையும் எழுதலாம் என்று அடித்துச் சொன்னார். அறுபது வயதில் எனக்கு என்ன கேமிங்? இருந்தாலும் ஆசை விடவில்லை. யூட்யூபில் தமிழில் தேடினேன். தாராவியிலிருந்து பேசுவதாகச் சொல்லிக்கொண்ட ஒருவன் வந்தான். கம்பெனியே எல்லாவற்றையும் பொருத்தி, அப்படியே பெட்டியில் போட்டு விற்கிற நடுத்தர விலைக் கம்ப்யூட்டர் ஒன்றை மதிப்பிட்டுக்கொண்டிருந்தான். பக்கவாட்டில் கண்ணாடி, உள்ளே நீல விளக்கு, சின்னச் சின்ன ஃபேன்கள்.

பேச்சு நடுவே பக்கத்திலிருந்து வளையல் போட்ட ஒரு கை வந்தது. ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர்மேல் பூப்போட்ட துணியுறை ஒன்றைக் கவிழ்த்துவிட்டுப் போய்விட்டது. மிக்ஸிக்கும் டிவிக்கும் நாம் போடுவோமே, ஃப்ரில் வைத்து, அதே மாதிரி. அவன் உறையைப் பார்த்தான். எடுக்கவில்லை. நீல விளக்கு பூக்கள் வழியாக எரிய, விட்ட இடத்திலிருந்து பேசிக்கொண்டே போனான்.

எதை வாங்குவது என்பது எனக்கு மறந்தே போயிற்று. அவன் ஏன் அதை எடுக்கவில்லை? இதற்குமேல் நீங்கள் படிக்கப்போவது எல்லாம் நான் இட்டுக்கட்டியது.

2

முதல் தொடக்கம்: ‘தாராவியின் குறுகலான சந்துகளில் அந்தி வெயில் தயங்கித் தயங்கி...’

வேண்டாம். தாராவி என்றதும் சந்திலிருந்து தொடங்குகிறவர்களோடு எனக்கு ரொம்ப நாள் சண்டை.

இரண்டாம் தொடக்கம்: ‘ஆறு கோர் பிராசஸர், எட்டு ஜிபி கிராபிக்ஸ் கார்டு சகிதம் அது மகேஷ்குமாரின் வாழ்க்கைக்குள்...’

இது விளம்பரம். காசு கொடுத்தால் முடித்துத் தருகிறேன்.

மூன்றாவது: ‘மாரிசெல்விக்கு அந்த ஜன்னல் வேண்டியிருந்தது.’

இது நிற்கட்டும்.

3

மாரிசெல்விக்கு அந்த ஜன்னல் வேண்டியிருந்தது. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து மகேஷ்குமாரைக் கட்டிக்கொண்டு வந்தவள். ஊரில் ஜாக்கெட் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய தையல் மெஷினை அண்ணன் ரயிலில் போட்டு அனுப்புவதாக இருந்தது. வீடு என்பது ஒரே அறை. வெளிச்சமும் பிளக் பாயிண்டும் சேர்ந்திருக்கிற இடம் ஜன்னலடி ஒன்றுதான். “மெஷின் வரட்டும், அங்கனயே வச்சிருவோம்” என்று அவனும் சொல்லியிருந்தான்.

மெஷினுக்கு முன்னால் கம்ப்யூட்டர் வந்துவிட்டது.

மகேஷ்குமார்* கெட்டவன் இல்லை. சயானில் ஒரு கூரியர் ஆபீசில் வேலை, மிச்ச நேரத்தில் யூட்யூப் சேனல். சின்ன வயதிலிருந்து அடுத்தவர் கம்ப்யூட்டரில், மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து விளையாடியவன். சொந்தமாக ஒன்று வாங்குகிற சந்தோஷத்தில் ஜன்னல் விஷயம் அவனுக்கு நிஜமாகவே மறந்துவிட்டது. செம்பூர் கடையிலிருந்து இஜாஸ் என்ற விற்பனையாளன் அதை ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினான். இடம் எங்கே என்று கேட்டபோது மகேஷ்குமார் ஜன்னலைக் காட்டினான். பிடிக்கவில்லை என்றால் ஞாயிற்றுக்கிழமைக்குள் திருப்பிக் கொடுக்கலாம் என்றான் இஜாஸ். அதற்குப் பிறகு அந்த இடம் கம்ப்யூட்டருக்குத்தான்.

அன்றிலிருந்து மாரிசெல்வியிடமிருந்து “சாப்பிட வாங்க”, “தண்ணி வந்துட்டு”, அவ்வளவுதான் பேச்சு.

(* மும்பையிலேயே வளர்ந்த இவனுக்குத் தமிழ் பேசத்தான் வரும்; படிப்பது எழுத்துக்கூட்டித்தான். ஆகவே கதை அவன் கண்ணில் படாது என்று தைரியமாக எழுதுகிறேன். மாரிசெல்வி படிப்பாள். கற்பனைதான் என்றாலும் பயமாக இருக்கிறது.)

4

இப்போது அந்த உறை. இதில்தான் எனக்கு உதைக்கிறது.

பழைய நைட்டித் துணியில் அவள் அதைக் கையாலேயே தைத்தாள். மெஷின்தான் இல்லையே. அவன் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தபோது வந்து போட்டுவிட்டுப் போனாள். பாசத்திலா, கோபத்திலா? மூன்று முறை எழுதிப் பார்த்தேன். பாசம் என்றால் அசடாகத் தெரிகிறாள். கோபம் என்றால் இவ்வளவு அழகாக ஃப்ரில் வைப்பானேன்? [இங்கே அவள் மனசைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. எடுத்துவிட்டேன். எனக்கே தெரியாததை அரைப் பக்கம் எழுதியிருந்தேன்.]

மகேஷ்குமாருக்கு சந்தேகமே வரவில்லை. பெண்டாட்டி இறங்கி வந்துவிட்டாள் என்று பூரித்துப்போனான். அவள் முகம் மறுபடி வாடிவிடக்கூடாது என்று உறையைக் கழற்றாமலே விளையாடினான். கம்ப்யூட்டருக்குக் காற்று போகிற வழியும் வருகிற வழியும் அந்தப் பூக்களுக்குள் அடைத்துக்கொண்டன. கார் பந்தயத்தில் கார்கள் தத்தித் தத்தி ஓடின. கொஞ்ச நேரத்தில் பெட்டி தானாகவே அணைந்துவிட்டது. மறுநாளும் அப்படியே.

இஜாஸுக்கு போன் போட்டான்.

“ஹவா கஹான் ஸே ஜாயேகா, பாய்?” என்று இஜாஸ் சிரித்தான். காற்று எப்படிப் போகும், எதையாவது மேலே போட்டு வைத்திருக்கிறாயா என்று கேட்டான்.

“நை நை, குச் நை”, ஒன்றுமே போடவில்லை என்றான் மகேஷ்குமார்.

ஊரெல்லாம் பார்க்கிற வீடியோவில் ‘இந்தப் பெட்டி சூடாகிறது, வாங்காதீர்கள்’ என்று பொய் சொல்லக்கூட அவன் தயார். உறையை எடு என்று பெண்டாட்டியிடம் ஒரு வார்த்தை சொல்லத் தயாரில்லை. இந்த இடத்தில் அவன்மேல் எனக்குக் கொள்ளைப் பிரியம் வந்துவிட்டது. பக்கத்தில் இருந்திருந்தால் தலையில் ஒரு குட்டும் வைத்திருப்பேன்.

5

கைவசம் இருந்த முடிவுகள்:

அ. மாரிசெல்வி விஷயத்தைப் புரிந்துகொண்டு, காற்று போகிற இடங்களில் கொசுவலைத் துணி வைத்துத் தைத்துவிடுகிறாள். கம்ப்யூட்டர் ஜம்மென்று ஓடுகிறது. நீங்கள் கைதட்டுவீர்கள். நான் தட்டமாட்டேன். ஜன்னல் அவனிடமே இருக்கிறதே!

ஆ. அவன் கம்ப்யூட்டரைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறான். உனக்காகத்தான் கொடுத்தேன் என்ற அந்த முகத்தை அவள் ஆயுசு முழுக்கப் பார்க்க வேண்டும். பாவம், வேண்டாம்.

இ. இருவரும் சேர்ந்து விளையாடி...

சீ.

6

எதுவும் சரிப்படாததால், சனிக்கிழமை சாயங்காலம் இரண்டு பேரையும் அந்த அறையில் விட்டுவிட்டுச் சும்மா இருந்தேன். அவன் கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலியில். அவள் தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். முதலில் பேசியது அவள்தான்.

“நெசமாச் சொல்லுங்க. இது நல்ல பொட்டியா?”

அவன் திரும்பினான். கம்ப்யூட்டர் வந்தபிறகு அவளாகக் கேட்ட முதல் கேள்வி. சேனலில் பேசுகிற குரலை விட்டுவிட்டு, வீட்டுக் குரலில் சொன்னான்.

“கிராபிக்ஸ் கார்டு நல்லதுதான் மாரி. கேம்லாம் ஏக்தம் ஸ்மூத்தா ஓடும். ஆனா கம்பெனிக்காரன் வெளிய தெரியுத எடத்துலதான் செலவு பண்ணிருக்கான். பவர் சப்ளை யாரு செஞ்சதுன்னே பேரு இல்ல. ரெண்டு ரேம் போட வேண்டிய எடத்துல ஒண்ணுதான் கெடக்கு. நாளைக்கு பெருசா எதையாவது மாத்தணும்னா வசதி கெடையாது.”

“சூடாவுதுன்னு போன்ல சொன்னியளே?”

“அது பொட்டி மேல தப்பில்ல.”

“நான் உறை போட்டதுனால.”

“நான் எடுக்காததுனால” என்றான். எழுந்து உறையைக் கழற்றி, மடித்து, மடியில் வைத்துக்கொண்டான். அப்போதுதான் தையலைக் கிட்டத்தில் பார்த்தான். ஒவ்வொரு குத்தும் கையால் போட்டது. ஜன்னலைப் பார்த்தான். அவனுக்கு ஞாபகம் வந்துவிட்டது.

“ஏ மாரி, ஒன் மெஷினு...”

“அது கெடக்கட்டும். பொட்டி மொத்தத்துல எப்படி, அதச் சொல்லுங்க.”

“மொத்தத்துல... பரவாயில்ல.”

கீரை ஆய்ந்த கை நின்றது.

“என்னையப் பொண்ணு பாத்துட்டுப் போயி, ஒங்க அக்காகிட்டயும் இதத்தான் சொன்னியளாம். ‘பரவாயில்ல’ன்னு. அவியதான் சொன்னாவ, சிரிச்சிக்கிட்டு.”

அவன் வாயைத் திறந்தான். அதற்குள் அவளே தொடர்ந்தாள்.

“அன்னைக்கு என்னைய ஒங்களுக்குத் தெரியாது. தப்புச் சொல்லல. இப்ப கூடவே இருக்கேன். இந்தப் பொட்டி வந்து ஒரு வாரங்கூட ஆகல, வெளிய என்ன, உள்ள என்னன்னு இவ்வளவு சொல்லுதிய. இப்ப என்னையக் கேட்டா என்ன சொல்லுவிய?”

7

இந்தக் கேள்வியை நான் அவளுக்கு எழுதிக் கொடுக்கவில்லை. சத்தியமாக. ஜன்னலுக்காகத்தான் அவள் கோபித்துக்கொண்டிருக்கிறாள் என்று கடைசிவரை நம்பினேன். அவளைப் பெற்றவள் மாதிரி பேசிக்கொண்டிருந்த எனக்கே தெரியவில்லை.

எழுந்து கூடத்துக்குப் போனேன். என் வீட்டுக்காரர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

“என்னைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லுங்கோ” என்றேன்.

பேப்பரை இறக்கிப் பார்த்தார். “இப்ப என்ன, கரண்ட் பில்லா?” என்றார்.

திரும்பி வந்து எழுத உட்கார்ந்தேன்.

மகேஷ்குமாருக்காக நான் எழுதி அடித்த பதில்கள் இவை. ‘நீ ரொம்ப நல்லவ.’ (யாரைப் பற்றியும் சொல்லலாம்.) ‘ஜன்னல ஒனக்கே தந்துடுதேன்.’ (தரட்டும், தரவேண்டியதுதான். ஆனால் அவள் கேட்டது அதுவல்ல.) ‘நீ இல்லேன்னா நான்...’ (பாதியிலேயே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.)

அவன் நாற்காலியை விட்டு இறங்கி அவள் எதிரே தரையில் உட்கார்ந்தான். கீரையில் பாதியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். இதுவரை எழுத முடிந்தது. அடுத்த வரியை நான் எழுதினால் அது ஒரு கிழவியின் பதிலாகத்தான் இருக்கும். மாரிசெல்வி கேட்பது தன் புருஷனை. ஆகவே உங்களிடம் விடுகிறேன். கூட இருக்கிற ஒருவரை நீங்கள் இத்தனை நாள் பார்த்திருப்பீர்கள். பார்த்ததைச் சொல்லுங்கள். அவசரமில்லை, அவள் காத்திருப்பாள். ஆனால் யோசித்துச் சொல்லுங்கள், அவள் எதையும் மறக்கிற ரகம் இல்லை.

மகேஷ்குமார் சொன்னான்: “